கணிப்பொறிப் படிப்புக்கு வந்தவர்கள்

நம் ஆலயத்தில் சனிக்கிழமை மதிய உணவுக்கு வரிசையில் நிற்கும் மாணவர்களைப் பற்றி அன்பர்கள் பேசிக்கொள்வது என் காதிலும் விழுவதுண்டு. "நாங்கள் சட்டைப்பையில் 8 டாலரோடு வந்தோம், இவர்கள் ஆயிரம் டாலர் டெலிபோனோடு வருகிறார்கள்" என்பது ஒரு பேச்சு. "எங்களுக்குப் பல்கலைக்கழகமே சம்பளம் கொடுத்துப் படிக்க வைத்தது, இவர்கள் பணம் கட்டிப் பட்டம் வாங்குகிறார்கள்" என்பது இன்னொரு பேச்சு. இரண்டும் பொய்யல்ல. ஆனால் இரண்டுக்கும் பின்னால் ஏறக்குறைய 60 ஆண்டுச் சரித்திரம் இருக்கிறது. அதை அறியாமல் பேசுகையில் முன்னே வந்தவர்கள் பின்னே வந்தவர்களுக்கு அநியாயம் செய்துவிடுகிறோம் என்பது என் கருத்து. ஆகவே எனக்குத் தெரிந்ததை இம்மலரில் எழுதத் துணிந்தேன்.

நான் கணிப்பொறி படித்தவன் அல்லன், மருத்துவன். தஞ்சாவூரில் எம்.பி.பி.எஸ். முடித்து, ஜே-1 விசாவில் இந்நாட்டுக்கு வந்தவன். பயிற்சி முடிந்ததும் 2 ஆண்டுகள் தாய்நாட்டில் போய் இருக்கவேண்டும் என்ற விதியிலிருந்து விலக்குப் பெறுவதற்காக, டாக்டர் கிடைக்காத ஒரு சிற்றூரில் 3 ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஆதலால் குடிநுழைவுச் சட்டம் என்பது ஒரு மனிதனின் வயதை எப்படித் தின்னும் என்பது எனக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் அன்று.

இந்தியர்கள் அமெரிக்காவுக்குப் படிக்க வந்த கதை கணிப்பொறிக்கு வெகு முந்தையது. என் தொழிலைச் சேர்ந்தவர் என்பதால் ஆனந்திபாய் ஜோஷியை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 1883-இல் கப்பலேறி வந்து, பிலடெல்பியாவில் பெண்களுக்கென இருந்த மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1886-இல் எம்.டி. பட்டம் பெற்றார். மறு ஆண்டே காசநோயால் பூனாவில் காலமானார். அப்போது அவருக்கு 22 வயதுகூட நிறையவில்லை.

1917-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதியைத் தடை மண்டலமாக அறிவித்துக் கதவைச் சாத்திற்று. ஆனால் அதே சட்டத்தில் ஒரு சிறு திட்டிவாசல் விடப்பட்டிருந்தது. மாணவர், மருத்துவர், ஆசிரியர், வணிகர் போன்ற சிலருக்கு அத்தடை இல்லை. குடியேற வருகிறவன் வேண்டாம், படித்துவிட்டுப் போகிறவன் வரலாம் என்பதே அதன் பொருள். 1946-இல் இந்தியர் குடியேறலாம் என்று சட்டம் திருந்தியபோதும் ஆண்டுக்கு 100 பேர் என்றே அளவு வைத்தார்கள். இந்த ஒரு திட்டிவாசல்தான் பிற்பாடு ராஜபாட்டையாயிற்று.

1952-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் இன்று எல்லோரும் அறிந்த எஃப்-1 மாணவர் விசா அதன் இன்றைய பெயரில் வந்தது. அதன் வாசகத்தின் சாரம் இது: மாணவனுக்குச் சொந்த நாட்டில் வீடு இருக்கவேண்டும், அதை விட்டுவிடும் எண்ணம் அவனுக்கு இருக்கக்கூடாது. இதே சட்டத்தின் மற்றொரு பிரிவு, விசா கேட்பவன் ஒவ்வொருவனும் குடியேறத்தான் வருகிறான் என்று முதலில் அனுமானித்துக்கொள்ளும்படி தூதரக அதிகாரிக்குச் சொல்கிறது. அப்படியல்ல என்று நிரூபிக்கும் பாரம் வந்து நிற்பவன் தலையில். சென்னையில் ஜெமினி மேம்பாலத்தருகே விடியற்காலையில் வரிசையில் நின்ற தலைமுறைகள் அனைத்தும் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தயாரித்துக்கொண்டே நின்றன. "திரும்பி வருவாயா?" இந்தக் கேள்வியை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரையில் மீண்டும் வரும்.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். கணிப்பொறியை ஒரு பாடமாக வகுப்பறையில் முதன்முதல் நடத்தியது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். 1953-இல் அங்கே ஓராண்டு டிப்ளமோ தொடங்கிற்று. அமெரிக்காவில் கணிப்பொறி இயலுக்கெனத் தனித் துறை முதலில் ஏற்பட்டது 1962-இல், இந்தியானா மாநிலத்துப் பர்டூ பல்கலைக்கழகத்தில். ஸ்டான்போர்டில் 1965-இல் துறை அமைந்தது. அதற்கு முன்பெல்லாம் இப்படிப்பு கணிதத் துறையிலோ மின்பொறியியல் துறையிலோ ஒண்டுக்குடித்தனம் செய்துகொண்டிருந்தது. ஆகவே 1950களில் வந்த நம்மவர்களின் பட்டச் சான்றிதழில் கணிப்பொறி என்ற சொல்லையே பார்க்க முடியாது.

ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன் அவர்களை எடுத்துக்கொள்வோம். 1959-இல் எம்.ஐ.டி.யில் முதுநிலைப் பட்டம், 1961-இல் விஸ்கான்சினில் பிஎச்.டி. பட்டம், இரண்டும் பெற்றார். பெற்றபின் இந்தியாவுக்குத் திரும்பினார். "திரும்பி வருவாயா?" என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்லி, அதன்படியே நடந்தவர். அவர் போய்ச் சேர்ந்த இடம் கான்பூர் ஐ.ஐ.டி. அமெரிக்காவின் 9 பல்கலைக்கழகங்கள் கூடி 1962 முதல் 1972 வரை அந்நிறுவனத்துக்கு உதவின. பர்டூவும் அவற்றுள் ஒன்று. 1963 ஆகஸ்டில் ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி அங்கு வந்திறங்கிற்று. இந்தியாவில் அதற்கு முன்பே கல்கத்தாவிலும் பம்பாயிலும் கணிப்பொறிகள் இருந்தன. ஆனால் அவை ஆராய்ச்சியாளர் கைக்குரியவை. பொறியியல் மாணவர் கூட்டத்துக்கே கணிப்பொறி நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தது கான்பூர்தான். 1965-இல் அங்கே எம்.டெக். வகுப்பில் கணிப்பொறி இயல் ஒரு பிரிவாயிற்று. ராஜாராமன் எழுதிய பாடநூல்கள் மாணவன் வாங்கக்கூடிய விலையில் வந்தன. திருச்சியிலும் கோவையிலும் கணிப்பொறியையே கண்ணால் காணாத பையன்கள்கூட அவற்றைப் படித்து ஃபோர்ட்ரான் மொழியைக் காகிதத்தில் எழுதிப் பழகினார்கள்.

மற்றொருவர் ராஜ் ரெட்டி. அன்றைய சென்னை மாகாணத்தில், சித்தூர் மாவட்டத்துக் காட்டூரில் 1937-இல் பிறந்தவர். 1958-இல் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் சிவில் பட்டம் பெற்றார். நியூயார்க்குக்கோ லண்டனுக்கோ போகாமல் ஆஸ்திரேலியா சென்று, நியூ சௌத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் 1960-இல் முதுநிலைப் பட்டம் முடித்தார். அங்கே யூடெகாம் என்று பெயரிட்ட ஒரு கணிப்பொறி 1956 முதலே இருந்தது. பின்பு அந்நாட்டிலேயே ஐ.பி.எம்.மில் சில ஆண்டுகள் உத்தியோகம். அதன்பிறகு ஸ்டான்போர்டு: 1964-இல் எம்.எஸ்., 1966-இல் பிஎச்.டி. மனிதர் பேசுவதைக் கணிப்பொறிக்குப் புரியவைக்கும் ஆராய்ச்சி அவருடையது. 1969-இல் பிட்ஸ்பர்க் நகருக்குக் கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியராகச் சென்றார். 1994-இல் இத்துறையின் மிக உயர்ந்த விருதான ட்யூரிங் பரிசை மற்றொருவரோடு பகிர்ந்து பெற்றார். கிண்டியில் சிவில் படித்தவர் கணிப்பொறிக்கு வந்தாரே என்று வியக்கவேண்டாம். அந்நாளில் கணிப்பொறிக்கு வந்த எல்லோரும் வேறு எங்கிருந்தோ வந்தவர்கள்தாம்.

அக்காலத்து மாணவர் பட்ட பாடு வேறு விதம். நிரலின் ஒவ்வொரு வரியையும் ஓர் அட்டையில் துளையிடவேண்டும். அட்டைக்கு 80 பத்தி. அட்டைக் கட்டை ஜன்னலில் கொடுத்துவிட்டு மணிக்கணக்காகக் காத்திருக்கவேண்டும். ஒரு காற்புள்ளி தவறினால் காகிதத்தில் பிழை அச்சாகி வரும், மறுபடி வரிசை. கட்டுக் கைதவறிப் பனியில் விழுந்து அட்டைகள் முறை மாறிப்போன கதையை நம் மூத்த அன்பர் யாரிடம் கேட்டாலும் சொல்வார். கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே அரைமணி நேரம் சொல்வார்.

இப்போது அந்த 8 டாலர். அது வறுமையின் அடையாளம் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். சொல்பவர்களும் சில சமயம் அப்படியே சொல்கிறார்கள். உண்மையில் அது அந்நியச் செலாவணி விதி. இந்திய அரசாங்கத்திடம் டாலர் இல்லை. இருந்த கொஞ்சமும் உணவு தானியத்துக்கும் இயந்திரத்துக்கும் வேண்டியிருந்தது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பை டாலருக்கு 4.76-லிருந்து 7.50 ஆகக் குறைத்தார்கள். தகப்பனார் மில் முதலாளியாகவே இருந்தாலும் மகன் நினைத்த அளவுக்கு டாலர் கொண்டுபோக முடியாது. ஆகவே கட்டணம் கட்டிப் படிக்கலாம் என்ற யோசனைக்கே இடமில்லை. உதவி ஆசிரியர் வேலையோ உபகாரச் சம்பளமோ கொடுத்து ஒரு பல்கலைக்கழகம் அழைத்தால்தான் விமானம் ஏறமுடியும். அப்படி அழைக்கப்பட்டவர்கள் வகுப்பில் முதல் சிலர். 8 டாலரோடு வந்தவர் திறமையால் வந்தார் என்பது மெய். ஆனால் அவரைப் போலத் திறமையுள்ள இன்னும் பலர் வராமல் போனார்கள் என்பதும் அதே அளவு மெய். அவர்கள் நம் ஆலயத்துக்கு வந்து தங்கள் கதையைச் சொல்வதில்லை, அவ்வளவே.

இந்நாடு அவர்களைத் தங்கவிட்டது எதனால்? 1965 அக்டோபர் 3-ஆம் தேதி ஜனாதிபதி ஜான்சன் நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திர தேவி சிலையடியில் அமர்ந்து கையெழுத்திட்ட சட்டத்தால். பிறந்த நாட்டைப் பார்த்து ஆள் எண்ணும் பழைய முறை அதோடு ஒழிந்தது. படித்த தொழில் வல்லுநருக்கு முன்னுரிமை வந்தது. ஒரு நாட்டுக்கு ஆண்டுக்கு 20,000 பேர் என்ற உச்சவரம்பும் அப்போதே வந்தது. அன்று இந்தியாவிலிருந்து வருபவர் சொற்பம், ஆதலால் அந்த வரம்பு யாரையும் உறுத்தவில்லை. படிப்பு முடித்த பலருக்குச் சில ஆண்டுகளிலேயே கிரீன் கார்டு கிடைத்தது. டாக்டர்களுக்கும் அதே யோகம். 1976-இல் மட்டும் "வெளிநாட்டு டாக்டர்கள் இனிப் போதும்" என்கிற கருத்தில் ஒரு சட்டம் வந்து எங்கள் கதவு பாதி சாத்திற்று. பொறியாளருக்கு அப்படி ஒரு சட்டம் வரவில்லை. 1970-இல் நியூயார்க்கில் வட அமெரிக்க இந்து ஆலயச் சங்கம் ஏற்பட்டு, 1977 ஜூலை 4-இல் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்ததும், அதே ஆண்டில் பிட்ஸ்பர்க் வேங்கடேசுவரர் ஆலயம் எழுந்ததும் இந்த 1965 சட்டத்துக்குப் பின் வந்து தங்கிய குடும்பங்களால்தான்.

1970-71-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அனைத்தும் சேர்ந்து கணிப்பொறி இயலில் வழங்கிய முதுநிலைப் பட்டங்கள் 1,588. நாடு முழுவதற்கும் அவ்வளவே! பத்து ஆண்டுக்குள் நிலைமை தலைகீழாயிற்று. கம்பெனிகள் நல்ல சம்பளம் கொடுத்து அழைக்கவே, அமெரிக்கப் பிள்ளைகள் இளநிலைப் பட்டத்தோடு வேலைக்குப் போய்விட்டார்கள். 1980-ஐ ஒட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 250 பேரே இத்துறையில் பிஎச்.டி. முடித்தனர். அவர்களையும் கம்பெனிகள் பாதி வழியில் மடக்கிக்கொண்டன. பாடம் நடத்த ஆளில்லை. விதைநெல்லைச் சாப்பிடுகிறோம் என்று இத்துறைப் பேராசிரியர்களே அப்போது எழுதினார்கள். அந்த வெற்றிடத்தில் வந்து நின்றவர்கள் இந்தியா, தைவான், கொரியா, ஈரான் முதலிய நாட்டு மாணவர்கள். காலையில் தாம் படித்து, மாலையில் அமெரிக்கப் பையன்களுக்குப் பாடம் சொன்னார்கள். அவர்கள் பேசும் ஆங்கிலம் புரியவில்லை என்று பெற்றோர் புகார் செய்ய, 1980களில் பல மாநிலங்கள் உதவி ஆசிரியர்களின் ஆங்கிலத்தைச் சோதிக்கச் சட்டமே போட்டன. கும்பகோணத்து ஆங்கிலத்துக்கு ஒஹையோவில் வந்த சோதனை அது!

மாணவன் என்பவன் இரு அரசாங்கங்களுக்கு நடுவே நிற்பவன் என்பதை அக்காலத்து ஈரானியர் கதை காட்டுகிறது. 1979-80-இல் இந்நாட்டில் மிக அதிகமாக இருந்த அயல்நாட்டு மாணவர்கள் ஈரானியரே, 51,000-க்கு மேல். டெஹ்ரானில் தூதரகத்தைக் கைப்பற்றிய உடனே, அம்மாணவர்கள் அனைவரும் குடிநுழைவு அலுவலகத்தில் நேரில் வந்து பதிவு செய்யவேண்டும் என்று 1979 நவம்பரில் ஆணை பிறந்தது. முதல் நாள் வரை விருந்தாளி, மறுநாள் சந்தேகத்துக்குரியவன். சீனாவோ அதற்கு ஓராண்டு முன்னே, 1978 டிசம்பரில், 52 பேரை முதன்முறையாக அனுப்பியிருந்தது. 1989 தியானன்மென் சம்பவத்துக்குப் பின் இங்கிருந்த சீன மாணவர்கள் நிரந்தரமாகத் தங்க 1992-இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். ஒருவருக்குப் பதிவு ஆணை, மற்றவருக்குப் பாதுகாப்புச் சட்டம்.

நம் சங்கத்தின் இலங்கை அன்பர்களுக்கு இது புதிதன்று. 1970களின் தொடக்கத்தில் அங்கே தரப்படுத்தல் வந்தபின், பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் நல்ல மதிப்பெண் பெற்றும் இடம் கிடைக்காத யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளை, வசதியுள்ள வீட்டார் லண்டனுக்கு அனுப்பினார்கள். 1983-க்குப் பின் அவர்களிடம் யாரும் "திரும்பிப் போவாயா?" என்று கேட்கவே முடியவில்லை. வெளிநாட்டுப் படிப்பு அவர்களுக்கு ஆசையால் வந்ததன்று என்பதை இந்தியாவிலிருந்து வந்த நாம் பல சமயம் மறந்துவிடுகிறோம்.

1990-க்குப் பின் வந்த மாறுதல்கள்தாம் இன்றைய மாணவனின் ஜாதகத்தைக் கணித்தவை. அவ்வாண்டுச் சட்டத்தில் எச்-1பி என்ற வேலை விசா பிறந்தது, ஆண்டுக்கு 65,000 என்ற அளவோடு. கணிப்பொறித் தொழிலில் ஆள் தேவை பெருகி, 2001 முதல் 2003 வரை அளவு 1,95,000 ஆக உயர்ந்தது. பின் மீண்டும் 65,000. அப்போது ஒரு சலுகை சேர்த்தார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் கூடுதலாக 20,000 இடம். 2004-ஆம் ஆண்டின் இந்தச் சிறு திருத்தம்தான் எம்.எஸ். பட்டத்தின் குணத்தையே மாற்றியது என்பேன். 2007 ஏப்ரலில் மனு வாங்கத் தொடங்கிய முதல் நாளிலேயே இடங்கள் தீர்ந்து குலுக்கல் போடவேண்டி வந்தது. குலுக்கலில் இரண்டு சீட்டு யாரிடம் இருக்கிறது? இங்கே எம்.எஸ். படித்தவனிடம். 2008-இல் அறிவியல், பொறியியல் மாணவர்களுக்குப் படிப்புக்குப் பின் வேலை பழகும் காலத்தை 12 மாதத்திலிருந்து 29 மாதமாக்கினார்கள். 2016-இல் அது 36 மாதமாயிற்று. மூன்று ஆண்டு என்றால் குலுக்கலில் மூன்று முறை பெயர் போடலாம். இப்படியாக, முன்பு பிஎச்.டி.க்குப் போகும் வழியில் ஒரு படியாக இருந்த பட்டம், வேலைக்குப் போகும் உரிமைச் சீட்டாயிற்று.

இந்தியப் பக்கத்தில் அதே காலத்தில் பூட்டுகள் திறந்தன. அந்நியச் செலாவணிச் சட்டம் 1999-இல் மாற்றி எழுதப்பட்டு 2000-இல் நடைமுறைக்கு வந்தது. 2001-இல் வங்கிகள் வெளிநாட்டுப் படிப்புக்கு 15 லட்ச ரூபாய் வரை கடன் கொடுக்கும் திட்டம் வந்தது. 2004-இல் எவரும் ஆண்டுக்கு 25,000 டாலர் வெளியே அனுப்பலாம் என்றார்கள், 2015-இல் அது 2,50,000 டாலர். 1966-இல் அரசாங்கம் தடுத்ததை இப்போது யாரும் தடுப்பதில்லை. தடுப்பார் இல்லாததால் கடனுக்கும் அளவில்லை. 2008 பொருளாதார வீழ்ச்சியில் மாநில அரசுகள் மானியத்தைக் குறைத்தபோது, முழுக் கட்டணம் கட்டும் அயல்நாட்டு முதுநிலை மாணவன் பல்கலைக்கழகத்தின் கணக்குப் புத்தகத்தில் மிகவும் வேண்டியவனாகிவிட்டான். பெரிய நகரங்களில் ஒரு வகுப்பில் நூற்றுக்கணக்கானோர் சேர்க்கப்படும் எம்.எஸ். படிப்புகள் வந்தன. கணிப்பொறி முதுநிலைப் பட்டங்கள் 2017-18-இல் 46,000-ஐத் தாண்டின. 1,588 எங்கே, 46,000 எங்கே?

2023-24-இல் இந்நாட்டில் இருந்த அயல்நாட்டு மாணவர் 11,26,690 பேர். அவர்களில் இந்தியர் 3,31,602. சீனரைப் பின்தள்ளி 15 ஆண்டுக்குப் பின் முதலிடத்துக்கு வந்த ஆண்டு அது. இவர்களில் பெரும்பாலோர் முதுநிலைப் படிப்பில் இருந்தவர்கள் அல்லது படித்துவிட்டு வேலை பழகியவர்கள்.

ஆக, அந்த இளைஞன் கையில் இருக்கும் டெலிபோனைப் பார்த்து அவன் வசதியை அளக்கலாகாது. 40,000 டாலர் என்பது இன்று 30 லட்ச ரூபாய்க்கு மேல். அதற்கு ஈடாக ஊரில் அப்பாவின் வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கும். முன்னே வந்தவர் தோற்றிருந்தால் ஊருக்குத் திரும்பிக் கல்லூரியில் உத்தியோகம் பார்த்திருப்பார், சற்று மனவருத்தம், அவ்வளவே. இவன் தோற்றால் வீடு போகும். அன்று இடர்ப்பாட்டைச் சுமந்தது பல்கலைக்கழகம். இன்று சுமப்பது அறுபது வயதுத் தகப்பனார்.

இந்த நெருக்கடியில் ஏமாந்தவர்களும் உண்டு. 2011 ஜனவரியில் கலிபோர்னியாவில் ட்ரை-வேலி என்ற பெயரளவுப் பல்கலைக்கழகத்தை அதிகாரிகள் மூடியபோது, அதில் சேர்ந்திருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர், குறிப்பாக ஆந்திரத்துப் பிள்ளைகள். சிலருடைய கணுக்காலில் கண்காணிப்புக் கருவி மாட்டினார்கள். அதன் தலைவிக்குப் பிற்பாடு சிறைத்தண்டனை கிடைத்தது. 2019-இல் மிச்சிகனில் வெளிப்பட்ட ஃபார்மிங்டன் பல்கலைக்கழகமோ, குடிநுழைவு அதிகாரிகளே வலையாக நடத்தியது. வகுப்பே கிடையாது. அதில் பணம் கட்டிப் பெயர் பதிந்தவர்களில் நூற்றுக்கு மேற்பட்ட இந்தியர் கைதானார்கள். வகுப்பில்லாத இடத்தில் சேர்ந்தவன் குற்றமற்றவன் என்று நான் வாதாடவில்லை. ஆனால் பெயர் குலுக்கலில் விழாமல், கடன் தவணையும் நிற்காமல், தங்கும் உரிமை மட்டும் நாள் எண்ணிக் குறைந்துகொண்டிருக்கும்போது, இருபத்தைந்து வயதில் ஒருவன் எந்தக் கதவையும் தட்டுவான்.

முதலில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். தூதரக ஜன்னலில் இன்றும் அதே 1952-ஆம் ஆண்டுக் கேள்விதான். பையன் "படித்து முடித்துத் திரும்பிவிடுவேன்" என்கிறான். ஆனால் 30 லட்சக் கடனை இந்தியச் சம்பளத்தில் அடைப்பது எளிதல்ல என்பது அவனுக்குத் தெரியும், வங்கிக்குத் தெரியும், பட்டத்தோடு 36 மாத வேலைச் சலுகையை விளம்பரம் செய்யும் பல்கலைக்கழகத்துக்கும் தெரியும். விசா அதிகாரிக்குத் தெரியாதா? இத்தனை பேருக்கும் தெரிந்த ஒன்றை அவன் ஒருவன் மட்டும் சொல்லக்கூடாது. ஐதராபாத்துக்கு அருகே சில்கூரில் பாலாஜிக்கு விசா பாலாஜி என்றே பெயர் வந்துவிட்டது. பிரார்த்தனைக்கு 11 சுற்று, நிறைவேறினால் 108 சுற்று. அங்கே போய்ச் சுற்றும் பிள்ளைகளைக் கேலி செய்பவர் உண்டு. நான் செய்யமாட்டேன். உண்மையைச் சொல்ல முடியாத ஜன்னலுக்குப் போகுமுன் உண்மையைச் சொல்ல ஓர் இடம் வேண்டுமல்லவா?

தங்கிவிட்டவர் கதையும் முடிந்தபாடில்லை. 1965-இல் யாரையும் உறுத்தாத நாட்டுவாரி வரம்பு இப்போது கழுத்தைப் பிடிக்கிறது. முதுநிலைப் பட்டத்தின் பேரில் கிரீன் கார்டு கேட்ட இந்தியர்களில், 2024-இல் முறை வந்தது 2012-இல் மனுச் செய்தவர்களுக்கு. இடையில் வேலை போனால் 60 நாளுக்குள் வேறு வேலை தேடவேண்டும். இங்கே வளர்ந்த பிள்ளை 21 வயதானால் பெற்றோர் மனுவிலிருந்து விலக நேரும். நம் சங்கத்தில் தேர் இழுக்கும் தொண்டர்களில் எத்தனை பேர் இந்த வரிசையில் நிற்கிறார்கள் என்பதை மூத்த அன்பர்கள் ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம்.

மருத்துவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. என்னிடம் வரும் மாணவர்களிடம் நான் அடிக்கடி காண்பவை வயிற்றெரிச்சல், தூக்கமின்மை, வைட்டமின் டி குறைவு, சைவ உணவுக்காரர்களுக்கு பி-12 குறைவு. இவை எளிதில் தீரும். தீராதது மனச்சோர்வு. வீட்டில் சொன்னால் அம்மா பயப்படுவாள் என்று மறைக்கிறார்கள். காப்பீடு பல்கலைக்கழகத்திலேயே கட்டாயமாக எடுக்கப்படுகிறது, மனநல ஆலோசனையும் பெரும்பாலும் அதில் அடங்கும். ஆனால் அதைப் பயன்படுத்தினால் விசா ஏட்டில் ஏறிவிடுமோ என்று அஞ்சுகிறார்கள். ஆலோசகரிடம் பேசியது அந்த ஏட்டில் ஏறாது. மாறாக, உடல்நலக் காரணத்தால் பாடச்சுமையைக் குறைத்துக்கொள்ள விதியிலேயே இடமுண்டு. மருத்துவரின் கடிதமும் கல்லூரி அதிகாரியின் முன் அனுமதியும் வேண்டும். தெரிந்த பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

2025-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு புதிய முடிச்சு. மே மாத இறுதியில் மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் தேதி கொடுப்பதைச் சில வாரம் நிறுத்திவைத்தார்கள். மீண்டும் தொடங்கியபோது விண்ணப்பிப்பவரின் சமூக ஊடகக் கணக்குகளைத் திறந்து காட்டச் சொன்னார்கள். செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து புதிதாக எச்-1பி-யில் வருபவருக்காக வேலை கொடுப்பவர் 1,00,000 டாலர் கட்டவேண்டும் என்று ஜனாதிபதியின் பிரகடனம் வந்தது. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் இந்நாட்டில் புதிதாகச் சேர்ந்த அயல்நாட்டு மாணவர் தொகை, முன் ஆண்டைவிட 17 சதவீதம் குறைந்தது. அந்த ஆகஸ்டில் நம் தொண்டர்கள் விமான நிலையத்திலிருந்து புது மாணவர்களை அழைத்துவர வழக்கம்போல் இரண்டு வேன்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒன்றே போதுமாயிருந்தது.